திருச்சியிலிருந்து இரண்டு மணி நேரம்

திருச்சியிலிருந்து கொழும்புக்கு ஆகாய மார்க்கமாக இரண்டு மணி நேரம். இதை எனக்குச் சொன்னவர் என் மாப்பிள்ளை; எங்கள் ஊரில் புருஷனை அப்படித்தான் சொல்வோம். சொன்னார் என்றா சொன்னேன், கத்தினார். அவர் முதல் தடவையாக ஏரோப்பிளேனில் வந்து இறங்கியிருந்தார். இரண்டு காதும் அடைத்துப்போய், தான் பேசுவது தனக்கே கேட்காமல், தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சும் வாயில் போட்டுக்கொள்ள மிட்டாயும் கொடுத்தார்களாம். மிட்டாயை எனக்கென்று சட்டைப்பையில் பத்திரப்படுத்திவிட்டார் அந்தப் புத்திசாலி. மிட்டாயைச் சப்பிக்கொண்டிருந்தால் காது அடைக்காது, அதற்குத்தான் கொடுப்பது என்று பிறகு யாரோ சொன்னார்கள். "ரெண்டே மணி நேரம்மா, ரெண்டே மணி நேரம்" என்று அவர் கத்த, என் உம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, இந்த மனுசனுக்கு அக்கரையில என்னமோ ஆகிப்போச்சு என்று எனக்குக் கையால் ஜாடை காட்டினார்.

எங்கள் ஊர், இராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணி தாண்டிப் போகிற சாலை கடலில் போய் முட்டுகிற இடத்தில் இருக்கிறது. ஊர் ஆண்கள் எல்லாம் கொழும்பில் கடை வைத்திருப்பார்கள், இல்லையென்றால் கடை வைத்தவரிடம் இருப்பார்கள். அதைச் சபர் போவது என்போம். பெண்கள் நாங்கள் கல்யாணத்துக்குப் பிறகும் தாய் வீட்டிலேயே இருப்போம்; மாப்பிள்ளைதான் எங்கள் வீட்டுக்கு வருவார். எங்கள் வாய்ப்பேச்சில் கொழும்பு, மதுரையை விடப் பக்கம். கண்மாய்க்கு அந்தக் கரை மாதிரி, அக்கரை என்றுதான் சொல்வோம். மத்தியான ரயிலில் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் பிடித்தால் மறுநாள் காலை கொழும்பில் தேத்தண்ணீர் குடிக்கலாம். ஆனால் போன மனிதர் திரும்பி வர இரண்டு வருடம் ஆகும், மூன்று வருடமும் ஆகும். என்னைக் கேட்டால் எங்கள் ஊருக்கும் கொழும்புக்கும் தூரம் இரண்டு வருடம். மைல் கணக்கெல்லாம் ஆம்பளைகள் பேசிக்கொள்வதற்கு.

அதனால்தான் அவர் அந்த இரண்டு மணி நேரத்தைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனார். இனிமேல் கப்பல் வேண்டாம், வாந்தி வேண்டாம், உன்னையும் ஒரு தடவை அழைத்துப் போய்க் கடையைக் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் கடலைத் தாண்டியதில்லை. கடலை நேருக்கு நேராகப் பார்த்தவர்களே குறைவு. மொட்டை மாடிக்குப் போய் மூங்கில் தட்டியின் ஓட்டை வழியாகப் பார்ப்போம், அவ்வளவுதான். உம்மா சம்மதிக்கவே இல்லை. மாப்பிள்ளையும் விடாமல் நின்றார். அக்கரைக்குப் போக பாஸ்போர்ட் கட்டாயம் என்று ஆகியிருந்த புதிது. பாஸ்போர்ட்டுக்கு முகம் தெரிய போட்டோ வேண்டும் என்றதும் வீட்டில் ஒரு பிரளயமே நடந்தது. பெத்த பொண்ணு முகத்தைக் கடுதாசியில ஒட்டிக் கண்டவன் கையில கொடுக்கவா என்று உம்மா இரண்டு வேளை சாப்பிடாமல் படுத்தார். கடைசியில் ஹஜ்ஜுக்குப் போகிற பெண்களும் போட்டோ எடுக்கத்தான் செய்கிறார்கள் என்று யாரோ சொல்லப்போய் எழுந்து உட்கார்ந்தார்.

இராமநாதபுரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். என் மாப்பிள்ளை அவர் பக்கத்திலேயே காவல் நின்று, ஒரு தடவைக்கு மேலே பார்க்கக் கூடாது என்று அதட்டினார். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்போடேயே போட்டோ விழுந்துவிட்டது. பாஸ்போர்ட் வந்தது, விசாவும் குத்தி வந்தது. நோன்புப் பெருநாள் முடிந்து நானே வந்து அழைத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் சபர் போனார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொழும்பில் எங்கள் ஊர்க்காரர் யாராவது மௌத்தாகிவிட்டால், இறந்துவிட்டார் என்று தந்தி அடிக்க மாட்டார்கள். வீட்டில் பெண்கள்தான் இருப்பார்கள், திடீரென்று அதைக் கேட்டால் தாங்க மாட்டார்கள் என்று, 'சீரியஸ்' என்று அடிப்பார்கள். எந்தக் காலத்தில் எந்த மகராசன் தொடங்கி வைத்தானோ தெரியாது. நாளாவட்டத்தில் அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் அர்த்தமே மாறிப்போயிற்று. தபால்காரர் வாயைத் திறந்து சீரியஸ் என்றால் போதும், பெண்கள் யாசீன் ஓத உட்கார்ந்துவிடுவார்கள். அவ வாப்பாவுக்குச் சீரியஸ் வந்து மூணு வருசம் ஆச்சு என்று சாதாரணமாகப் பேசிக்கொள்வோம். சண்டையில் ஒருத்தியை ஒருத்தி 'ஒனக்குச் சீரியஸ் வர' என்று ஏசுவதுகூட உண்டு. நிஜமாகவே ஒருவருக்கு உடம்பு மோசமாக இருந்தால் அதைத் தந்தியில் எப்படிச் சொல்வது என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தத் தந்தி ஐப்பசி மாதம் ஒரு காலையில் வந்தது. கடையின் பெயர் போட்டு, 'சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி' என்று இருந்தது. என் காக்காதான் படித்தார். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். என்னை விட எட்டு வயது மூத்தவர்; என் மாப்பிள்ளையின் கடையிலேயே பங்காக இருந்தவர்; தன் மகளுக்குப் பெயர் வைக்க அப்போது ஊருக்கு வந்திருந்தார். கடையில் இருந்த இன்னொரு ஊர்க்காரரும் அவரோடு கூட வந்துவிட்டார். படித்த கையோடு காக்கா தந்தியை மடித்துவிட்டார். உம்மா என்னைக் கட்டிக்கொண்டு அலறினார்.

எனக்கு மட்டும் அந்தச் சொல் தெரியாதா என்ன? ஆனாலும் நான் உட்காரவில்லை. ஏன் இந்த ஒரு தடவை அது நிஜமான சீரியஸாக இருக்கக் கூடாது என்று கேட்டேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வந்து காக்கா மடியில் போட்டேன். உசுரு இருந்தா முகத்தைப் பாக்கணும், இல்லாட்டியும் அடக்குறதுக்கு முன்னால பாக்கணும், என்னையக் கூட்டிட்டுப் போங்க என்றேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டையை மாட்டினார். அந்த மனிதருக்கு என் மேல் அவ்வளவு பிரியம்.

தனுஷ்கோடிக் கப்பல் ஓடவில்லை. காற்றும் மழையுமாக இருந்ததால் நிறுத்தி வைத்திருந்தார்கள். மிச்சம் இருந்தது பிளேன்தான். அதற்குத் திருச்சிக்குப் போக வேண்டும். கொழும்பு தெற்கே இருக்க, நாங்கள் வடக்கே போனோம். இரண்டு மணி நேரப் பயணத்துக்கு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் எதிர்த்திசையில் போக வேண்டியிருந்தது. கிளம்புவதற்கு முன் இராமநாதபுரம் தபாலாபீசில் காக்கா கொழும்புக் கடைக்குத் தந்தி கொடுத்தார், தங்கையோடு பிளேனில் வருகிறோம் என்று. ரயிலில் பெண்கள் பெட்டியில் நான் ஒரு மூலையில் துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தேன். அழவில்லை. அழுதால் அவர் மௌத்தாகிவிட்டார் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயம்.

திருச்சியில் எங்கள் வாப்பா வழிச் சொந்தக்காரர் வீட்டில் இறங்கினோம். பிளேன் மறுநாள் காலைதான். வீட்டுப் பெரியவர் விஷயத்தைக் கேட்டார். சீரியஸ் என்று தந்தி என்றதுமே அவர் வாய், மௌத்தைக் கேட்டால் ஓதுகிற 'இன்னாலில்லாஹி'யை ஓதிவிட்டது. அவருக்கும் பூர்வீகம் எங்கள் ஊர்தானே. பிறகு காக்காவைத் தனியே அழைத்துப் பேசினார். புருஷன் மௌத்தானால் பெண் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும், வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், பயணம் கூடாது. மௌத்து என்று தெரிந்துகொண்டே ஒரு பெண்ணைக் கடல் கடத்தி அழைத்துப் போகிறாயே, ஊர் நாளைக்கு என்ன சொல்லும் என்பது அவர் கவலை. லுஹர் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் இருந்து ஆலிம்சாவையும் அழைத்து வந்துவிட்டார்.

ஆலிம்சாவை நான் குறை சொல்ல மாட்டேன். திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வயதானவர், மெதுவாகப் பேசினார். மௌத்து உறுதியா என்று கேட்டார். உறுதி இல்லை என்றால் இந்தப் பிள்ளை தன் அண்ணன் துணையோடு புருஷனைப் பார்க்கப் போவதில் ஒரு தடையும் இல்லை, தாராளமாகப் போகலாம் என்றார். உறுதி என்றால் இப்போதே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான் என்றார். சந்தேகமாக இருந்தால் ஒரு தந்தி அடித்துக் கேளுங்களேன் என்றும் சொன்னார். தந்தி போய்ப் பதில் வருவதற்குள் பிளேன் போய்விடும் என்றார் பெரியவர். அதோடு, அக்கரையில் அடக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்களிடம், அவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பதா என்றும் சொன்னார். எல்லோரும் காக்காவைப் பார்த்தார்கள். திரையின் இடுக்கு வழியாக நானும் பார்த்தேன்.

காக்கா தரையைப் பார்த்துக்கொண்டே, உறுதிதான் என்றார்.

அவர்கள் போன பிறகு என்னிடம் வந்தார். கண் சிவந்து கிடந்தது.

"முகத்தையாச்சும் காட்டிரலாம்னுதான் கெளம்புனேன் தங்கச்சி. தந்தி வந்து இன்னையோட ரெண்டு நாளு. மையத்தை யாரு வச்சிருப்பா? அடக்கி முடிச்சிருப்பாக. மண்ணைப் பாக்கவா ஒன்னையக் கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போறது?"

"ரெண்டு மணி நேரந்தானே காக்கா" என்றேன். "மண்ணைத்தான் பாத்துட்டு வாரேனே."

அன்று சாயங்கால ரயிலுக்கே திரும்பினோம். கொழும்புக்குப் பிளேன் கிளம்பிய அடுத்த நாள் காலையில் எங்கள் வீட்டில் பெண்கள் சுற்றி உட்கார்ந்து என் கழுத்துக் கருகமணியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வளையலைக் கழற்றினார்கள். வெள்ளை உடுத்திவிட்டார்கள். வீட்டின் உள்ளறை ஒன்றில் என்னை இத்தா இருக்க வைத்தார்கள். அங்கே போன பிறகுதான் நான் அழுதேன். வீடு அதிர அழுதேன். மூன்றாம் பாத்திஹாவுக்கு நெய்ச்சோறு ஆக்கித் தெருவுக்கே போட்டார்கள். எல்லோரும் சாப்பிட்டுவிட்டு அவருக்காக துஆ கேட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, பின்னேரம் அஸர் தொழுகை நேரத்தில், இன்னொரு தந்தி வந்தது. அடக்கம் முடிந்ததைச் சொல்லி வழக்கமாக வருகிற இரண்டாவது தந்தி என்று நினைத்துக்கொண்டு காக்கா வாங்கினார். தபால்காரர் போகக் கிளம்பினார். காக்கா அவரைக் கூப்பிட்டு இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டது எனக்கு உள்ளே கேட்டது. தேதியைச் சொன்னார். நான் அறையிலிருந்து, என்ன காக்கா, என்ன காக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் வாசல்படிக்கு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னைக்குக் காலையிலதானாம்" என்றார்.

"என்ன இன்னைக்குக் காலையில?"

'எக்ஸ்பயர்ட் திஸ் மார்னிங்' என்று அதில் இருந்தது. அவர் அதை இரண்டு தடவை இங்கிலீஷிலேயே படித்தார். தமிழில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. காக்காவின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன் என்று உம்மா பிறகு சொன்னார். இருக்கும். என் மாப்பிள்ளை அங்கே கட்டிலில் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்க, நான் இங்கே வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருந்தேனே. உயிரோடு இருந்த மனிதருக்குப் பாத்திஹா ஓதிச் சோறு தின்றோமே. என் வயிறு எரிந்தது. இன்றைக்கும் அதை எழுதும்போது எரிகிறது. எங்கள் ஊரின் சாமர்த்தியத்தில் இடி விழ. பெண்கள் தாங்க மாட்டார்கள் என்று அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தார்களே, நான் இதைத் தாங்கவில்லையா?

இத்தாவை மௌத்தான நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று பள்ளிவாசலில் இருந்து சொல்லி அனுப்பினார்கள். அதுவரை இருந்தது கணக்கில் சேராதாம். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். அப்போது கழற்ற என் உடம்பில் ஒன்றும் இல்லை.

காக்கா என்னிடம் பேசுவதற்குக் கூசினார். நானும் பேசவில்லை. சாப்பாட்டைக்கூட அறை வாசலில் வைத்துவிட்டுப் போவார். அவர் மனைவி அழுதுகொண்டு வந்து, தூங்க மாட்டேங்கிறாக, எழுந்து எழுந்து உட்கார்ந்திருக்காக, ஒரு வார்த்தை பேசிரும்மா என்றாள். எனக்கு மனசு வரவில்லை. மன்னிப்பதற்கு அல்லாஹ் இருக்கிறான், நான் எதற்கு என்று இருந்தேன்.

கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியதும் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். கடையின் கணக்குப்பிள்ளை, யாழ்ப்பாணத்துக்காரர், சைவர். என் மாப்பிள்ளையின் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைக்காத குறையாகத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அவரை முன் அறையில் உட்கார வைத்தார்கள். காக்கா எதிரே உட்கார்ந்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தேன். அப்போதுதான் தெரிந்தது, முதல் தந்தியை அடித்தவர் அவர்தான் என்று. கொழும்பில் எங்கள் ஊர்க்காரர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் அடித்திருப்பார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். இவருக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரியாது. காய்ச்சல் நெஞ்சில் இறங்கி முதலாளிக்கு மோசமாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை அப்படியே எழுதிவிட்டார்.

அவர் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். பிளேனில் வருகிறோம் என்ற காக்காவின் தந்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினாராம். கேட்டதும் என் மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்து, முகத்தைச் சிரைத்துவிடச் சொன்னாராம். பிளேன் வருகிற நாளெல்லாம் இரத்மலானை விமான நிலையத்துக்குப் போகச் சொல்வாராம். இவரும் போவாராம். மழையில் சில நாள் பிளேனே வரவில்லை. வந்த நாளில் இறங்கியவர்களில் நாங்கள் இல்லை. திரும்பி வந்து, பிளேன் பிந்திவிட்டது, நாளைக்கு வருவார்கள் என்று சொல்வாராம்.

"அவர்தான் என்னைத் தேற்றுவார் அம்மா. ரெண்டு மணித்தியாலம்தானே, ஏறிட்டா வந்திடுவா, நீர் யோசிக்காதேயும் எண்டு சொல்லுவார்."

நான் வாயில் துப்பட்டியை வைத்து அடைத்துக்கொண்டேன். பிறகு கணக்குப்பிள்ளை திரையைப் பார்த்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"குறை நினைக்காதேங்கோ. கேக்காமல் போனால் எனக்கு மனம் ஆறாது. பாஸ்போர்ட் இருந்தது, தந்தியும் கிடைச்சிருக்கு. ஏன் அம்மா நீங்கள் வரேல்லை? நான் எழுதினதில ஏதும் பிழையோ?"

காக்கா குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. அவர் மூச்சு வாங்குவது திரைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. இத்தனை நாளாக அவரைக் கேட்க வேண்டும் என்று நான் வைத்திருந்த கேள்வியும் அதுதான். இப்போது ஒரு அந்நியர் முன்னால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். உண்மையைச் சொன்னால், எழுதக் கூடாத உண்மையை எழுதிவிட்டோம் என்று இந்த நல்ல மனிதரும் சாகிற மட்டும் நினைத்துக்கொண்டிருப்பார்.

"நீங்க எழுதுனது சரிதாங்க" என்றேன். "மழையில பிளேன் கெடைக்கல. திருச்சி வரைக்கும் வந்துட்டுத் திரும்புனோம்."

அவர் பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

"அப்ப நான் அவருக்குச் சொன்னது பொய் இல்லை" என்றார்.

திரைக்கு அந்தப் பக்கம் காக்கா அழத் தொடங்கினார். அந்த மௌத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டு அழுவது அதுதான் முதல் தடவை. மச்சானை நினைத்து அழுகிறார் என்று எண்ணிக்கொண்டு கணக்குப்பிள்ளை, உங்களால செய்யக் கூடினதைச் செய்துபோட்டியள், மனதை விடாதேங்கோ என்று அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.